மேனேஜர் வெட்டிய தாய்மாமன்

போன மாதம் பாலக்கரையில் என் நாத்தனார் மகனுக்கு நிக்காஹ். மதிய விருந்தின் ஏப்பம் அடங்குவதற்குள் வீடியோ எல்லார் செல்போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பாட்டு, பூத்தூவல், மெதுவாக நடந்து வரும் மாப்பிள்ளை எல்லாம் அதில் இருந்தது. "யாரும் ஒக்காந்து எடிட் பண்ணல மாமி, ஆப்பே வெட்டி ஒட்டிடுச்சு" என்று மாப்பிள்ளையே பெருமையாகச் சொன்னான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் தலையைக் குனிந்து தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யார் விடுபட்டுப்போயிருக்கிறார்கள் என்று தேடினேன்.

"அப்படி என்ன மாமி தேடுறீங்க?" என்று அவன் கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். பிரியாணிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மலைக்கோட்டைக்குக் கீழே, துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்தது எங்கள் ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போன வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வீசிஆர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவு செய்து, வேண்டாத இடத்தில் பொத்தானை அழுத்தி நிறுத்துவதுதான் அன்றைக்கு எடிட்டிங். கீழே கடையில் அண்டா விழுந்தால் விரல் பதறி அழுத்திவிடும். மந்திரம் பாதியில் நிற்கும், அடுத்த காட்சியில் சாம்பார் ஊற்றுவார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

முதலாளி பெயர் தனபால். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். யாரைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் பார்ப்பார். பழைய ஸ்டில் கேமராக்காரர் பழக்கம். இதனால் பெண்வீட்டார் சிலர் தவறாக நினைத்து எழுந்து போயிருக்கிறார்கள். கோபமே வராது. கஸ்டமர் கத்தினால், அவர் முகத்துக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கத்தி முடித்ததும், "நீங்க இந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்தா இன்னும் நல்லா இருப்பீங்க" என்பார். பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்தும் இருக்கிறார்கள்.

எந்தக் காரியத்தையும் முடியாது என்று சொல்லமாட்டார். எங்கள் வம்பெல்லாம் அதில்தான் தொடங்கும்.

பீமநகரிலிருந்து கமருன்னிசா என்று ஒரு அம்மா வந்தார். சின்ன மகனுக்கு நிக்காஹ்; பெரிய மகன் சலீம் துபாயில், லீவு கிடைக்கவில்லை. "எம் மூத்த புள்ள மாப்பிள்ள பக்கத்துல நிக்கிற மாதிரி பண்ணித் தர முடியுமாங்க?" என்று கேட்டார். தனபால் சார் இடது கண்ணை மூடித் திறந்து, "தாராளமா" என்றார்.

இதற்கு ஒரு முறை உண்டு. ஆளைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். பச்சையாக இருப்பதையெல்லாம் அழி என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால், துணி மறைந்து ஆள் மட்டும் மிஞ்சுவார். அவரை வேறு காட்சியில் கொண்டுபோய் ஒட்டலாம். சலீமுக்கு போனில் எல்லாம் சொன்னோம். தம்பி கல்யாணமாயிற்றே என்று அவர் குளித்து, அத்தர் பூசி, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, பச்சைப் போர்வைக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினார். ஜிப்பாவும் பச்சை.

துணியை அழித்தேன். திரையில் ஒரு தலையும் இரண்டு கைகளும் நின்றன. தலை சிரித்தது. கைகள் ஸலாம் சொன்னன. கால்சட்டை வெள்ளை என்பதால் முழங்காலுக்குக் கீழேயும் கொஞ்சம் இருந்தது. மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்றால், ஆள் பாலைவனத்துக்குள் வேலைக்குப் போய்விட்டார்.

"ஒடம்புதானே இல்ல? ஒரு ஒடம்பக் கடன் வாங்கு ஷம்ஷாத்" என்றார் தனபால் சார்.

அந்த நிக்காஹ் கூட்டத்திலேயே மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் உடம்பை எடுத்துச் சலீம் தலைக்குக் கீழே வைத்தேன். நன்றாகவே பொருந்தியது. வீடியோவைப் போட்டுப் பார்த்த அன்று மச்சானின் மனைவி எழுந்து நின்று, "அது எங்க வீட்டுக்காரர் தொப்பையில்ல?" என்று கேட்டுவிட்டாளாம். கமருன்னிசாம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தொப்ப யாரோடதா இருந்தா என்ன, மொகம் எம் புள்ளையோடது. உக்காரு" என்றார். அத்தோடு முடிந்தது. பெருநாளைக்கு எங்களுக்கு வட்டிலப்பம் வந்தது.

இந்தத் தைரியத்தில்தான் தனபால் சார் 'சீன் மேனேஜர்' என்ற மென்பொருளை வாங்கினார். கல்யாணம் என்றால் இரண்டு மூன்று கேமராவில் மணிக்கணக்காக எடுத்திருப்பார்கள். அதில் ஒரு காட்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுவதில்தான் என் கழுத்து வலியெல்லாம். இந்த மென்பொருள் அதைத் தானே செய்யும். வீடியோ என்பது வரிசையாக அடுக்கிய படங்கள்தான். ஒரு படத்தையும் அதற்கு அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, நிறமும் வெளிச்சமும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அது கணக்குப் போடும். நாம் வைத்த அளவைத் தாண்டினால் காட்சி மாறிவிட்டது என்று வெட்டிவிடும். யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிறம் தெரியும்.

தனபால் சார் அதை 'மேனேஜர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவும் மரியாதையோடு. "மேனேஜர் என்ன சொல்றாரு?" "அவரு பாத்துட்டாரா?" "அவரு வேலையா இருக்கறப்ப ஃபேன நிறுத்தாத." ஆயுத பூஜைக்கு மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பொட்டு, மேனேஜருக்கு மட்டும் மாலை. எந்த அளவு மாற்றத்துக்கு வெட்ட வேண்டும் என்று நிர்ணயிக்கும் ஒரு கம்பி திரையில் இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'மேனேஜர் கோவம்'. "கோவத்தக் கொஞ்சம் கொறச்சு வைம்மா" என்பார்.

முதலில் கோபத்தைக் குறைத்துத்தான் வைத்தோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். இரண்டு வீட்டுக்கும் நாங்கள்தான் வீடியோ. அதே மேடை, அதே ரோஜாப்பூத் தோரணம், இரண்டு பெண்களும் அரக்குப் பட்டு. மேனேஜர் பார்த்தார், நிறம் மாறவில்லை, ஒரே கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார். அவர் தயாரித்த சுருக்கத்தில் ஒரு பெண் ஒருவருக்கு மாலை போட்டாள், தாலி வேறொருவர் கட்டினார், இரண்டு மாமனார்களும் சேர்ந்து ஆசி வழங்கினார்கள். அனுப்புவதற்கு முன் நான் பார்த்துவிட்டேன். தனபால் சார் முழுவதையும் பார்த்துவிட்டு, "காம்போசிஷன் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதன் பிறகு கோபத்தை ஏற்றினோம். ஏற்றியதும் வேறு தொல்லை. போட்டோகிராபர் ஃப்ளாஷ் அடித்தால் திரை ஒரு கணம் வெள்ளையாகும். மேனேஜர் அதை ஒரு புதுக்காட்சி என்று வெட்டுவார். வெள்ளை போனதும் இன்னொரு புதுக்காட்சி. ஒரு கல்யாணம் கொத்துப் பரோட்டாவாக வந்து விழும். இதற்குத் தனபால் சாரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண் இமைக்கும் நேரமே வரும் துண்டுகள் எல்லாம் இடையூறு, அவற்றைத் தானாகவே 'கழிவு' என்ற ஃபோல்டரில் தள்ளிவிட வேண்டும் என்று மேனேஜருக்கு உத்தரவு போட்டார். தாலி கட்டுவது, மாலை மாற்றுவது இரண்டை மட்டும் நான் கையால் வெட்ட வேண்டும். "மத்ததெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

அந்த ஆவணி மாதம் தினமும் முகூர்த்தம். மேனேஜர் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் மாடிப்படி அதிர்ந்தது. மயில்கழுத்து நிறப் பட்டுச் சட்டையில் ஒரு பெரிய மனிதர் வந்து நின்றார். வாசலில் அவர் நின்றதும் அறை இருட்டிவிட்டது.

"எங்கய்யா அந்த மேனேஜரு?"

தனபால் சார் இடது கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்காரு. வேலையா இருக்காரு" என்றார்.

"வேலையா? நான் வந்து அவன் வேலைய வச்சுக்கறேன்!"

பெயர் தங்கராசு. திருவெள்ளறைப் பக்கம் வாழையும் நெல்லும் போடுகிறவர். அவருடைய அக்கா செல்லம்மாளின் மகளுக்குத்தான் அந்த ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் வேறொரு மண்டபத்தில் கல்யாணம் நடந்து, வீடியோவை நாங்கள் கொடுத்திருந்தோம்; "எங்க மேனேஜரே வெட்டினது" என்று சார் பெருமையாகச் சொல்லித்தான் கொடுத்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. தங்கராசு வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, அத்தனை பேர் நடுவில் அக்கா, "படி கோணலா இருக்கேடா" என்று சொல்லிவிட்டாராம். அதுதான் சண்டை. ஆனாலும் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்குமா? பெரியவர்கள் பேசினார்கள். தங்கராசு டிராக்டரில் சீர்வரிசை ஏற்றிக்கொண்டு வந்து, மருமகளுக்கு நெற்றிப் பட்டம் கட்டி, மாலை போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு எல்லாரும் கூடி உட்கார்ந்து வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள்.

"மூணு மணி நேரம் ஓடுது. ஒரு இடத்துல கூட நான் இல்ல! சீரு இருக்கு, டிராக்டரு இருக்கு, டிராக்டர ஓட்டிட்டு வந்தவன் இருக்கான், நான் இல்ல! ஊர்ல கேக்குறான், ஏன் மாப்ள, நீ கல்யாணத்துக்குப் போகவே இல்லியாமேன்னு. எம் பொண்டாட்டி என் பக்கத்துலயே நின்னவ. அவளே கேக்குறா, 'நீங்க வந்தீங்கதானே?'ன்னு!" மேசையில் ஓங்கித் தட்டினார். "எங்கக்கா சொல்லித்தானே வெட்டுனீங்க? நெசத்தச் சொல்லுங்க. அவங்கதான் சொன்னாங்கன்னா இன்னியோட அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

நான் அந்த வீடியோவை முழுவதும் பார்த்திருந்தேன். ஆனால் இருக்கிற ஆளைப் பார்க்கலாம், இல்லாத ஆளை எப்படிப் பார்ப்பது?

"மேனேஜர நீங்களே கேட்டுக்கங்க" என்று தனபால் சார் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அங்கே மாலை காய்ந்துபோன ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தங்கராசு அதைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் கம்ப்யூட்டரையே பார்த்து, "ஏன்டா, நான் உனக்கு என்னடா பண்ணுனேன்?" என்று கேட்டார். தனபால் சார், "கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்றார்.

நான் உட்கார்ந்து கழிவு ஃபோல்டரைத் திறந்தேன். அதில் ஒரு துண்டைத் தொட்டேன். திரை முழுக்க மயில்கழுத்து நிறம். இன்னொன்று; மயில்கழுத்து நிறம். ஒரு முழங்கை. ஒரு முதுகு. மறுபடி நிறம்.

நடந்தது புரிந்துவிட்டது. மண்டபத்தில் இவர் ஓயாமல் கேமராவுக்கு முன்னால் குறுக்கே போயிருக்கிறார். ஆள் பெரியவர், சட்டை அப்படிப்பட்ட சட்டை. ஒவ்வொரு தடவையும் திரை முழுவதும் நிறம் மாறியிருக்கிறது. அடுத்த கணம் பழைய காட்சியே திரும்பியிருக்கிறது. இடையூறு என்று மேனேஜர் தள்ளிவிட்டார். மேடையில் பட்டம் கட்டியபோதோ, இரண்டு வீட்டு போட்டோகிராபர்களும் ஊரில் இருக்கிற செல்போன்களும் சேர்ந்து ஃப்ளாஷ் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்தக் காட்சி பொடிப்பொடியாகி, பொடி முழுவதும் கழிவுக்குப் போய்விட்டது.

"உங்க அக்கா ஒண்ணும் சொல்லலீங்க. இது மெஷினு பண்ணின வேலை" என்றேன். அவர் நம்பவில்லை. "மெஷினுக்கு எங்க வீட்டுச் சண்ட எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மறுநாள் செல்லம்மாளும் வந்துவிட்டார். மெலிந்த, விறைப்பான அம்மா. தம்பி தன்மேல் பழி போட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் நீள பெஞ்சு ஒன்று உண்டு. அதில் அக்கா உட்கார்ந்தார், தம்பி சுவரோரம் நின்றார். இருவருக்கும் பேச்சுவார்த்தை என் வழியாகத்தான்.

"அவங்ககிட்ட சொல்லும்மா, பட்டம் கட்டுறத வெட்டுனா அது பொண்ணுக்கு ஆகாதுன்னு."

"வெட்டச் சொல்ல எனக்கென்ன பைத்தியமான்னு அந்த ஆளக் கேளு பாப்பா."

இருவரும் பேசியது பரஸ்பரம் நன்றாகவே கேட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொன்னேன். விட்டுவிட்டால் இருவரும் காத்திருந்தார்கள்.

பட்டம் கட்டிய காட்சியைச் சேர்க்க எனக்குச் சில நாள் மதியங்கள் பிடித்தன. துண்டுகளை வரிசைப்படுத்தி, ஃப்ளாஷ் வெள்ளையாக்கிய படங்களை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் கலந்து அந்த இடங்களை நிரப்பினேன். கொஞ்சம் தத்தித் தத்தி ஓடினாலும் மாமன் பட்டம் கட்டுவது முழுதாக வந்துவிட்டது. குறுக்கே போன துண்டுகளையும் எறிய மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்தேன். அக்காவும் தம்பியும் வந்தார்கள். போட்டுக் காட்டினேன்.

பட்டம் கட்டும் காட்சியில் தங்கராசு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். அடுத்து கோத்து வைத்த துண்டுகளை மெதுவாக ஓடவிட்டேன். மயில்கழுத்து நிறம் கையில் வாழை இலைக்கட்டோடு போனது. தண்ணீர்க் குடத்தோடு வந்தது. தோளில் யாருடைய குழந்தையோ அழ, வாசல் பக்கம் போனது. ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தது. இரண்டு கையிலும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பி வெறுங்கையோடு வந்தது, மறுபடி நாற்காலிகளோடு போனது.

செல்லம்மாள் முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு நேராகப் பேசினார்.

"ஏன்டா இப்படி ஓடிக்கிட்டே இருந்த? மாமன்னா கெத்தா முன்னாடி வந்து ஒக்கார வேண்டியதுதானே?"

"எங்க ஒக்கார?" என்றார் தங்கராசு. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ஒக்காருன்னு ஒருத்தரும் சொல்லலியே. சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னுதான் எதையாச்சும் தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தேன்."

கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஆயிரம் வேலை இருந்தது, சம்பந்தி வீட்டாரைக் கவனிக்க வேண்டியிருந்தது என்றெல்லாம் செல்லம்மாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"வா. ஒக்காரு."

அவர் உட்கார்ந்ததும் பெஞ்சின் அந்தப் பக்கம் இறங்கி, செல்லம்மாள் ஒரு விரற்கடை மேலே எழும்பினார். இருவரும் கவனிக்கவில்லை. தனபால் சார் மட்டும் இடது கண்ணை மூடிக்கொண்டு ரசித்துப் பார்த்தார்.

அவருக்கு உடனே ஒரு யோசனை வந்துவிட்டது. "ஒண்ணும் கவலப்படாதீங்க. இப்பவே இவர நாற்காலியில ஒக்கார வச்சு எடுக்கறேன். ஷம்ஷாத் அத மண்டபத்துல மொத வரிசையில வச்சிரும். கலெக்டரு மாதிரி ஒக்காந்திருப்பாரு. ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

செல்லம்மாள் ஆசையோடு தம்பியைப் பார்த்தார். "அப்படியே பண்ணிருங்க சார். மொத வரிசையிலயே வைங்க."

தங்கராசு தலையை ஆட்டினார். "வேணாங்க. நான் ஒக்காரல. ஒக்காராதவன ஒக்காந்த மாதிரி காட்டுனா அது யாரோ ஒருத்தன். நான் நடந்தேன்ல, அதயே போடுங்க."

"அதுல உங்க மூஞ்சியே தெரியாதுங்களே. வெறும் சட்டதான் வருது" என்றேன்.

"சட்டை என்னுதுதானே?"

தனபால் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக முடியாது என்று சொல்லப் பார்த்தார். இப்படி ஒரு வீடியோ வெளியே போனால் ஸ்டுடியோ பெயர் என்னாகும் என்று என்னைத் தனியே அழைத்துப் புலம்பினார். "மேனேஜர் என்னம்மா நெனைப்பாரு?" என்று கூடக் கேட்டார். ஆனால் வெளியே போய் அந்த இருவர் முன்னால் நின்றதும் வழக்கம்போல், "தாராளமா" என்றார்.

எல்லாத் துண்டுகளையும் அவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். மந்திரம் ஓதும்போது குறுக்கே ஒன்று, அட்சதை விழும்போது குறுக்கே ஒன்று, சம்பந்திகள் கை கூப்பும்போது இரண்டு. நான் செய்த வேலைகளிலேயே பார்க்கச் சகிக்காத வேலை அதுதான். சேமித்து, பென்டிரைவில் ஏற்றி, செல்லம்மாள் கையில் கொடுத்தேன். தம்பிதான் அவரைக் கைபிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தங்கராசுவைப் பார்த்தேன். கதம்பமும் பழமும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வீடியோவை இன்னும் பார்க்கிறார்களா என்று கேட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா அதைப் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை என்றார். நடுநடுவே திரை முழுக்க நீலமாகிப் போகும்போது, வந்தவர்கள் பதறிப்போய், "என்னங்க, டிவி கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்களாம்.

"இல்ல, அது என் தம்பி" என்பாராம் செல்லம்மாள்.